முள் நகராத நேரம்

கடலூர் முதுநகர்,
மே மாதம், ஞாயிறு இரவு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, பெரிய அத்தை எல்லாரும் நலம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் துறைமுகத்தில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. ஐஸ் கம்பெனியில் ஒரே ஒரு கம்ப்ரசர்தான் ஓடுகிறது, ஜூஸ் கடைக்கும் நாட்டுப் படகுக்கும் ஐஸ் கொடுக்க. ஜூன் 14 வரை இப்படித்தான். அதனால் இரவு ஷிப்டில் நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

நேற்று நீ போனில் அழுதது மனதை விட்டுப் போகவில்லை. ஐஸ் உருகும்போது வெப்பநிலை மாறவில்லை, ஆகவே வெப்பமும் உள்ளே போகவில்லை என்று எழுதி மார்க் போய்விட்டது. "ஐஸ் கம்பெனிக்காரர் பொண்ணு நானே தப்பா எழுதிட்டேனேப்பா" என்றாய். கண்ணு, நானும் 20 வயதில் இதே தப்பைச் செய்து உன் பெரிய அத்தையின் மீன் முழுவதையும் கெடுத்தேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

ஐடிஐ முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. மீன் வரத்து மிஞ்சிப்போய் ஐஸ் பாருக்குத் தட்டுப்பாடான நாள். அத்தை 20 கிலோ சங்கரா மீன் வாங்கி வைத்துக்கொண்டு வந்து நின்றார். ஐஸ் உடைக்கிற இடத்தில் உருகிய தண்ணீர் தொட்டியில் தேங்கி நிற்கும். அதில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், முள் 0 டிகிரியை ஒட்டி நின்றது. ஐஸும் 0, தண்ணீரும் 0, அப்புறம் என்ன என்று அந்தத் தண்ணீரில் 20 லிட்டரைப் பெட்டியில் ஊற்றி மூடிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை பண்ருட்டிச் சந்தையில் திறந்தால் செவுளெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. வட்டிக்கு வாங்கிய பணத்தில் எடுத்த மீன். அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கே தப்பு என்று பிறகுதான் கணக்குப் போட்டேன். நீயும் போட்டுப் பார். மீன் 30 டிகிரியில் இருக்கிறது. ஒரு கிலோ மீனை ஒரு டிகிரி குளிர்விக்கச் சுமார் 3.6 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 30 டிகிரிக்கு 108. அதில் ஒரு கிலோ 0 டிகிரித் தண்ணீரை ஊற்றினால் மீன் இறங்கும், தண்ணீர் ஏறும், இரண்டும் 14 டிகிரி வாக்கில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு வெளிச்சூடு ஏற ஏற அதுவும் ஏறும். அதே ஒரு கிலோ, 0 டிகிரி ஐஸாக இருந்தால்? ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கே 334 கிலோஜூல் வாங்கிக்கொள்ளும். மீனின் 108-க்கு 320 கிராம் போலக் கரைந்தால் போதும், மீன் 0-க்கு வந்துவிடும். மிச்சம் 680 கிராம் ஐஸ் அப்படியே இருக்கும், பெட்டி இடுக்கில் நுழைகிற சூட்டுக்கு. நம் ஊரில் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் போடச் சொல்வது இதனால்தான்.

தெர்மாமீட்டர் வெப்பத்தை அளப்பதில்லை, பாப்பா. மூலக்கூறுகள் சராசரியாக எவ்வளவு துடிப்பாக அசைகின்றன என்பதைத்தான் அது காட்டும். ஐஸில் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒழுங்காக அடுக்கி நிற்கின்றன. உள்ளே போகிற வெப்பம் அந்தப் பிடியைத் தளர்த்துவதில் செலவாகிறது. அசைவு கூடுவதில்லை. அதனால் முள் நகராது. கடைசித் துண்டு உருகி முடிந்த பிறகுதான் ஏறும். உள்ளுறை வெப்பம் என்று உன் புத்தகத்தில் இருப்பது இதுதான். உள்ளே தங்கி மறைந்து கிடக்கிற வெப்பம். நல்ல பெயர்.

இதை முதலில் சரியாகக் கண்டு சொன்னவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக், 1760-களில். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவை. ஒன்றில் ஐஸ், ஒன்றில் ஐஸ் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர். ஒரே கூடத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் அரை மணி நேரத்தில் ஏறிய சூட்டுக்கு ஐஸ் வந்து சேரப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. ஒரு தெர்மாமீட்டரும் பொறுமையும்தான் அவரிடம் இருந்த கருவி. இதைப் படித்தபோது எனக்கு என் இரவு ஷிப்டுதான் ஞாபகம் வந்தது.

ஏனென்றால் இங்கே நடப்பது அதற்கு நேர் தலைகீழ். ஐஸ் பார் உறைய வைக்கிற கேனில் தண்ணீர் 28 டிகிரியில் இறங்குகிறது. சுற்றிலும் மைனஸ் 8, மைனஸ் 10-ல் உப்புத் தண்ணீர். உப்பு இருப்பதால் அது அந்தக் குளிரிலும் உறையாது. கேன் தண்ணீரை 0-க்குக் கொண்டுவரக் கிலோவுக்கு 118 கிலோஜூல் எடுத்தால் போதும். அப்புறம்தான் நீண்ட வேலை. ஓரத்திலிருந்து உள்நோக்கி உறைந்துகொண்டே வரும், நடுவில் தெர்மாமீட்டர் 0-விலேயே நிற்கும், மணிக்கணக்காக. ஒரு 50 கிலோ பார் முழுக்க உறைய ஏறக்குறைய ஒரு நாள். உறையும்போது அதே 334-ஐ அது வெளியே விடுகிறது. அதை உப்புத் தண்ணீர் வழியாக அமோனியா வாங்கிக்கொள்கிறது, குழாய்க்குள் கொதித்து ஆவியாகி, கிலோவுக்குச் சுமார் 1,300 கிலோஜூல். கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி அனுப்ப, தண்ணீர் விட்டு ஆவியைக் குளிர்விக்கிற கண்டென்சரில் அது திரும்பத் திரவமாகி அத்தனையையும் கொட்டிவிடுகிறது. கண்டென்சர் தண்ணீரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். சின்ன வயதில் நீ வந்து "ஐஸ் கம்பெனியில் எதுக்குப்பா சுடு தண்ணி" என்று கேட்பாய். அது ஐஸ் விட்ட சூடுதான் கண்ணு.

தானே புயல் உனக்கு ஞாபகம் இருக்காது, நீ கைக்குழந்தை. 2011 டிசம்பர் 30. கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. நாலாம் நாள் உப்புத் தண்ணீர்த் தொட்டியின் மரப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன், நடுவரிசை பார்கள் ஓரம் மட்டும் கரைந்து நின்றன. வெறும் குளிர்ந்த தண்ணீராக இருந்திருந்தால் அத்தனை நாள் தாங்கியிருக்காது.

ஆவியும் இப்படித்தான், இன்னும் பெரிய அளவில். 100 டிகிரித் தண்ணீர் ஒரு கிலோ ஆவியாகச் சுமார் 2,260 கிலோஜூல். இட்லிக் குண்டான் மூடியைத் திறக்கும்போது அந்த ஆவி உன் விரலில் பட்டுத் தண்ணீரானால் அத்தனையும் தோலில் இறங்கும். ஹாஸ்டல் சமையலறையில் உதவி செய்யப் போனால் மூடியை உன் பக்கம் சாய்க்காதே.

பரீட்சையில் சூடாக்கும் வரைபடம் வந்தால் படுக்கையாக வரும் கோட்டைப் பார்த்து வெப்பம் போகவில்லை என்று எழுதாதே. 0-விலும் 100-லும் அந்தக் கோட்டிலும் வெப்பம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஏறுகிற கோட்டுக்குத் தன்வெப்பம், அதாவது ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பம்; படுத்த கோட்டுக்கு உள்ளுறை வெப்பம். கணக்கில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுக் கடைசியில் கூட்டு. மார்க் போனது போகட்டும்.

அத்தை நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறார். பரீட்சை முடிந்து பஸ் ஏறியதும் போன் பண்ணு. வந்த மறுநாள் ராத்திரி கம்பெனிக்குக் கூட்டிப்போகிறேன், கேன் நடுவில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை குறித்து வைப்போம். தெர்மாமீட்டர் இங்கே இருக்கிறது, நீ நோட்டு மட்டும் கொண்டு வா.

அன்புடன்,
அப்பா