மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் கேபின் ஜன்னல் வேலை

அண்ணன் தம்பிகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஜூன் 14-ஓடு தடைக்காலம் முடிகிறது. போன வாரம் என் படகில் ஸ்ராங்கு (படகு ஓட்டுபவர்) நிற்கும் பக்கத்து ஜன்னலைக் கழற்றினோம், கீழ்ச்சட்டத்து ப்ளைவுட் விரல் வைத்ததுமே ஈரச்சோறு மாதிரி அமுங்கியது, ரப்பர் பீடிங் வெடித்து இத்தனை நாளும் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. உங்கள் படகையும் பாருங்கள். ஜன்னலுக்குக் கண்ணாடியோ அக்ரிலிக் (பிளாஸ்டிக்) ஷீட்டோ சேர்ந்து வாங்கினால் விலை பேசலாம்.

மே 10, ஞாயிறு காலை 9 மணி, அக்கரைப்பேட்டை ஏலக்கூடம். கண்ணாடிக்காரரும் வருகிறார்.

1. ஒவ்வொரு ஜன்னலுக்கும் அட்டையில் அச்சு வெட்டி, படகு எண் எழுதிக் கொண்டு வாருங்கள். டேப் அளவு மட்டும் போதாது. டஃபன்டு கண்ணாடியை (சூடாக்கிக் கடினப்படுத்தியது) அப்புறம் வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது, கால் அங்குலம் பிசகினாலும் மொத்தமும் வீண்.

2. அக்ரிலிக் போடுகிறவர்கள் ஸ்குரூவை விடத் துளையைச் சற்றுப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். வெயிலில் ஷீட் விரியும், இறுக்கிவிட்டால் துளையிலிருந்தே கீறல் விடும். தின்னர் போட்டுத் துடைக்கவே கூடாது.

3. ஸ்குரூ 316 எஸ்எஸ் (உப்புத் தண்ணீரில் எளிதில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மட்டும்.

4. மரம் உளுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், மேலே சீலன்ட் பூசி மூடாதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

படகு எண், எத்தனை ஜன்னல், கண்ணாடியா அக்ரிலிக்கா என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். வர முடியாதவர்கள் அச்சை யாரிடமாவது கொடுத்து அனுப்பினாலும் சரி.