கடைசி வேலைநாளில் ஒரு தாள் கொடுங்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வி இயக்குநருக்கும் தொடக்கக் கல்வி இயக்குநருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு முடிகிற வாரங்களில் துறையிலிருந்து கிளம்பும் சுற்றறிக்கைகளுக்குக் குறைவே இல்லை. விடைத்தாள் திருத்துவதற்கு ஒன்று, தேர்ச்சிப் பட்டியலுக்கு ஒன்று, மாணவர் சேர்க்கைப் பேரணிக்கு ஒன்று, பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஒன்று. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அவற்றில் பெற்றோரை விளித்து எழுதிய ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதுகிறீர்கள். அவர் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதுகிறார். அங்கிருந்து தலைமையாசிரியருக்குப் போகிறது. வரிசை அந்த மேசையோடு முடிந்துவிடுகிறது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் நிற்கிறவர் அந்த வரிசையில் இல்லை.

எங்களுக்கு வந்து சேர்வது என்ன தெரியுமா? யாரோ மேசைமீது வைத்துக் கோணலாகப் பிடித்த ஒரு புகைப்படம். மேலே ந.க.எண், நடுவில் பாதி அழிந்த முத்திரை, கீழே "பார்வையில் காணும் செயல்முறைகளின்படி உரிய நடவடிக்கை மேற்கொள்ளுமாறு அனைத்துத் தலைமையாசிரியர்களும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று ஒரு நீண்ட வாக்கியம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அது விழுந்த ஐந்தாவது நிமிடம் "அப்போ பள்ளி என்றைக்கு?" என்று ஒருவர் கேட்பார். மூன்று பேர் மூன்று தேதி சொல்வார்கள். அரசாணை நடையைக் குறை சொல்லவில்லை. அலுவலகத்துக்கு அது பொருந்தும். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து போனைத் திறக்கிற தாய்க்கு அது எழுதப்படவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

என் கோரிக்கை சிறியது. ஒவ்வொரு கல்வியாண்டின் கடைசி வேலைநாளிலும் ஒவ்வொரு அரசுப் பள்ளிக் குழந்தையின் கையிலும் பெற்றோருக்கென்று எழுதிய ஒரே ஒரு தாளைக் கொடுத்தனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். பெரிய எழுத்தில், பேர் சொல்லிப் பேசுகிற தமிழில். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது திறப்புத் தேதி. 2023-இல் ஆறாம் வகுப்பு முதல் பெரியவர்களுக்கு ஜூன் 1, சிறியவர்களுக்கு ஜூன் 5 என்றார்கள். வெயில் தணியவில்லை என்று ஜூன் 7 ஆனது. பிறகு பெரியவர்களுக்கு ஜூன் 12, ஒன்று முதல் ஐந்து வரைக்கு ஜூன் 14 ஆனது. மறு ஆண்டு ஜூன் 6 என்றது ஜூன் 10-க்குப் போனது. குழந்தைகளை வெயிலில் வாட்டாமல் தள்ளிவைத்தது சரியான முடிவு; அதற்கு நன்றிகூடச் சொல்வேன். ஆனால் வெளியூரில் வேலைக்குப் போயிருக்கும் குடும்பம் பஸ் டிக்கெட் எடுப்பதும், கூலியைக் கணக்குப் பார்த்து வாங்குவதும், செங்கல் சூளையிலிருந்து ஊர் திரும்புவதும் அந்தத் தேதியை வைத்துத்தான். "தேதி மாறலாம், மாறினால் இந்த எண்ணிலிருந்து மட்டுமே உங்களுக்குக் குறுஞ்செய்தி வரும், வேறு எதையும் நம்ப வேண்டாம்" என்ற ஒரு வரி தாளில் இருந்தால், செய்திச் சேனல் முத்திரையை ஒட்டிச் சுற்றுகிற போலித் தேதிகளுக்கு அங்கேயே முற்றுப்புள்ளி. பெற்றோரின் கைப்பேசி எண்களை ஓடிபி கேட்டுச் சரிபார்த்து வாங்கிவைத்திருக்கிறீர்களே, அவை இதற்குப் பயன்படாமல் வேறெதற்கு?

அடுத்தது சோறு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிற வீடுகளில் அது எத்தனை பெரிய நிம்மதி என்பதை எந்த அறிக்கையாலும் சொல்லிவிட முடியாது. அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஏப்ரல் வரை பள்ளியில் ரவை உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்ட பிள்ளை, ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறது. அங்கே காலையில் ஒன்றும் கிடையாது. பழைய பழக்கத்தில் தாய் வெறும் வயிற்றோடு அனுப்பிவிடுகிறாள். பிள்ளையும் புதுப் பள்ளியில் வாய் திறந்து சொல்வதில்லை. அதே போல சத்துணவு பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். பதினொன்றாம் வகுப்பில் முதல் நாள் மதியம் தட்டோடு போய் நின்று திரும்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். திட்டத்தை நீட்டுங்கள் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அது வேறு மடல். எந்த வகுப்பில் எது நிற்கிறது என்பதை ஏப்ரலிலேயே சொல்லிவிடுங்கள் என்பதுதான் இந்த மடல்.

மூன்றாவது, பள்ளி மாற்றம். மே மாதம் முழுக்கத் தனியார் பள்ளி வேன்கள் தெருத்தெருவாகத் துண்டறிக்கை கொடுக்கின்றன. "ஒரே ஒரு வருஷம் ஆங்கில மீடியத்தில் போட்டுப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம்" என்று நினைக்காத வீடு குறைவு. போகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது அவர்கள் விருப்பம். ஆனால் என்ன இழக்கிறோம் என்று தெரிந்து போகட்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது; 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிற பிள்ளையின் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இதற்கெல்லாம் அடிப்படை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. நடுவில் எட்டாம் வகுப்பை மட்டும் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்த பிள்ளை, பன்னிரண்டில் எத்தனை மதிப்பெண் எடுத்தாலும் அந்த வரிசையில் நிற்க முடியாது. அரசு உதவி பெறும் பள்ளியும் இந்த ஒதுக்கீட்டுக் கணக்கில் சேராது. பெயரில் அரசு இருப்பதால் பலரும் சேரும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரிக்குப் போகும்போது மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் எந்தப் பள்ளியில் படித்தோம் என்பதைத்தான் பார்க்கின்றன. அவற்றுக்கு விதி சற்று வேறு. இதையெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில் வழிகாட்டி முகாம் நடத்திச் சொல்கிறீர்கள். முடிவு எடுக்கப்படுவது ஐந்தாம் வகுப்பு முடிகிற மே மாதத்தில்.

மாற்றுச் சான்றிதழைப் பற்றியும் இரண்டு வரி. எட்டாம் வகுப்பு வரை, ஓர் அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறிப் போகிற குழந்தைக்குத் தலைமையாசிரியர் உடனே சான்றிதழ் தர வேண்டும். அது வரத் தாமதமானால் அதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. இது 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் தாண்டிவிட்டன. இன்றும் "டி.சி. இல்லாமல் சேர்க்க முடியாது" என்ற பதிலோடு இரண்டு பள்ளிகளுக்கு நடுவே அலைகிறார்கள். பழைய பள்ளி கணினியில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும் என்பதும், விடுமுறையில் அதைச் செய்ய வேண்டிய ஆள் ஊரில் இல்லை என்பதும் பெற்றோருக்கு எப்படித் தெரியும்?

அடுத்து, பெயர். ஒன்பதாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இதைத் தனியாகக் கட்டம் கட்டியே போடலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிற பெயரும் பிறந்த தேதியும் ஆயுள் முழுக்கக் கூடவே வரும். பாஸ்போர்ட், வேலை, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். அந்தப் பெயர், துறை மாணவர் விவரங்களைப் பதிந்துவைக்கும் எமிஸ் தளத்தில் உள்ள பதிவிலிருந்து போகிறது. எமிஸில் முதலெழுத்து ஒன்று, ஆதாரில் வேறொன்று. அங்கே ஆங்கிலத்தில் ஓர் 'எச்' கூடுதல், இங்கே குறைவு. அப்பாவின் பெயரில் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போவதற்கு முன் பள்ளியிலேயே பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். சான்றிதழ் அச்சான பிறகு அதையே திருத்த எத்தனை அலுவலகம், எத்தனை பிரமாணப் பத்திரம் என்பதைப் பட்டவர்களிடம் கேளுங்கள். எமிஸில் உள்ள விவரத்தை அப்படியே அச்சிட்டு, "சரியாக இருக்கிறதா? இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழோடு வாருங்கள்" என்று கொடுத்தனுப்பினால் போதும். பதினைந்து வயதில் ஆதாரில் கைரேகையும் கண்விழியும் புதுப்பிக்க வேண்டும் என்பதும் அதே வயதில்தான் வருகிறது. அந்தக் கட்டத்தின் ஓரத்திலேயே எழுதிவிடலாம்.

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகளை மே மாதத்தில் தேர்வு முடிவு வந்த பிறகு எல்லாரும் ஒரே வாரத்தில் இ-சேவை மையத்தில் போய்க் கேட்கிறார்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படியேறி வருவதற்குள் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்கிவிடுகிறது. பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் விண்ணப்பியுங்கள் என்று சொன்னால் பாதி நெரிசல் இல்லை. தேர்வில் தவறியவர்களுக்கு உடனடித் துணைத் தேர்வு உண்டு என்பதையும், அதில் தேர்ச்சி பெற்று அதே ஆண்டிலேயே மேற்படிப்பில் சேரலாம் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லுங்கள். முடிவு வருகிற நாளில் அதைச் சொன்னால் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் காதில் ஏறாது.

விடுமுறையில் கிணறு, குளம், ஆறு, கல்குவாரிக் குட்டை ஆகியவற்றில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி இல்லாத மே மாதம் ஏது? அதற்கு ஓர் எச்சரிக்கை. பதினெட்டு வயதுக்குமுன் பெண்ணுக்குத் திருமணம் பேசினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லலாம் என்பதற்கு இன்னொன்று. அந்தப் பேச்சு பெரும்பாலும் இந்த விடுமுறையில்தான் தொடங்குகிறது. திறப்பு நாளில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு இருக்கை காலியாக இருந்தால் ஆசிரியர்களுக்கே காரணம் புரிந்துவிடும். புதிய பஸ் பாஸ் வரும்வரை சீருடையிலோ பழைய பாஸிலோ போகலாம் என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள். அதையும் அச்சிட்டுக் கொடுத்தால், நடத்துநரிடம் காட்டப் பிள்ளையின் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

ஆசிரியர்களுக்கு இது இன்னொரு சுமை என்ற மறுப்பு எழும். நியாயமான மறுப்பு. ஏற்கெனவே பாதி நாள் தளத்தில் பதிவேற்றுவதிலேயே போகிறது அவர்களுக்கு. ஆகவே தாளைச் சென்னையில் நீங்கள் எழுதுங்கள். பள்ளி நிரப்ப வேண்டியது தலைமையாசிரியரின் எண்ணும், விடுமுறையில் அலுவலகம் திறந்திருக்கும் நாட்களும் மட்டுமாக இருக்கட்டும். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு என்ன செய்வது என்றால், அதற்கு ஓர் ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துத் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குவதற்கு மட்டும் எங்களைக் கூப்பிடாமல், ஏப்ரல் கூட்டத்தில் இந்தத் தாளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மே 1 கிராம சபையிலும் படிக்கிறோம். வடமாநிலத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு பக்கம் சேர்த்துவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணைத் தாளின் அடியில் பெரிதாகப் போடுங்கள். மே மாதத்தில் அதை எடுத்துப் பேசுகிறவர்களிடமும் இதே தாள் இருக்கட்டும்.

மார்ச் முதல் தேதியிலேயே சேர்க்கை தொடங்குவதற்கு வண்ணத்தில் பதாகை அடிக்க முடிகிறது. புதிதாக வருகிறவர்களை வரவேற்க அத்தனை செலவு செய்கிறவர்கள், ஏற்கெனவே பிள்ளையைச் சேர்த்திருக்கிறவர்களுக்கு ஒரு கறுப்பு வெள்ளைத் தாள் தருவதில் தயங்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இந்த ஆண்டே எல்லா வகுப்புக்கும் முடியாது என்றால் ஐந்து, ஒன்பது, பத்து, பன்னிரண்டு ஆகிய நான்கு வகுப்புகளுக்காவது கொடுங்கள். உரையைத் தேர்வுகள் முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே பள்ளிகளுக்கு அனுப்பினால், நகலெடுக்கும் வேலையை எங்கள் குழு பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பிள்ளைகள் படிக்கும் ஒரு தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்