ரோந்தா மலைக்குகையைத் திறந்து விடுங்கள்: ஒரு திறந்த மடல்

பிரிட்டிஷ் போக்குவரத்துத் துறைக்கும், வேல்ஸ் அரசுக்கும், கைவிடப்பட்ட ரயில் கட்டுமானங்களைப் பராமரிக்கும் நேஷனல் ஹைவேஸ் நிறுவனத்துக்கும்,

வணக்கம்.

எங்கள் பக்கத்து வீட்டில் 14 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் ஒரு பழைய மவுண்டன் பைக் இருக்கிறது. செயினை அவனே கழற்றிக் கழுவி எண்ணெய் விடுவான். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பிரிட்டன் முழுவதிலிருந்தும் தேடி வருகிற ஆவன் காட்டுத் தடங்கள் அவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. போன கோடை வரை அவன் அங்கே போனதே இல்லை. வீட்டில் கார் இல்லை. சைக்கிளில் போவதென்றால் பூல்க் கணவாய்ச் சாலையில் ஏறி இறங்க வேண்டும். லாரி வரும், வேலி இல்லாத மலையிலிருந்து ஆடுகள் நடுச்சாலைக்கு வந்து நிற்கும், மூடுபனி இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது. எந்தத் தாய் அனுப்புவாள்? போன ஜூலையில் என் காரின் பின்னால் அவன் சைக்கிளையும் கட்டிக்கொண்டு கூட்டிப் போனேன். வழியில், "இந்த மலைக்கு உள்ளேயே ஒரு ரயில் குகை இருக்கு, தெரியுமா?" என்று கேட்டேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

அந்தக் குகைக்காகத்தான் இந்த மடல்.

இதை ஆங்கிலத்திலும் உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். தமிழில் எழுதக் காரணம், தெற்கு வேல்ஸில் என்னோடு சேர்ந்து சைக்கிள் ஓட்டும் தமிழ் நண்பர்கள். காலின் கீழே இருப்பது என்ன பாதை, யார் போட்டது, ஏன் போட்டார்கள் என்று அவர்களும் தெரிந்துகொண்டு என்னோடு சேர்ந்து கேட்க வேண்டும். (வேல்ஸ் மொழியில் ஒற்றை 'எஃப்' எழுத்துக்கு 'வ' ஒலி. அந்தக் காட்டுத் தடங்கள் இருக்கும் பள்ளத்தாக்கின் பெயரை அப்படியே எழுதினால் 'அவன்' என்று ஆகிவிடும் என்பதால் ஆவன் என்று எழுதுகிறேன்.)

1880களில் ரோந்தா பள்ளத்தாக்கின் நிலக்கரி வெளியே போக ஒரே பெரிய வழி டாஃப் வேல் ரயில்வேதான். எல்லாக் கரியும் அதில் ஏறி கார்டிஃப் பக்கத்துத் துறைமுகங்களுக்குப் போக வேண்டும். ஒரே வழி என்றால் கட்டணமும் நெரிசலும் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மேற்கே ஸ்வான்சீ துறைமுகம் காத்திருந்தது, நடுவில் மலை. 1882இல் ரோந்தா–ஸ்வான்சீ வளைகுடா ரயில்வேக்குப் பாராளுமன்ற அனுமதி கிடைத்தது. 1885 முதல் மலையைக் குடைந்தார்கள். 1890 ஜூலையில் குகை திறந்தது. நீளம் 3,443 கஜம், நம் கணக்கில் 3,148 மீட்டர். ஒரு பக்கம் ப்ளைன்கூம், மறுபக்கம் ப்ளைன்க்வின்வி. குகையின் நடுப்பகுதியில் தலைக்கு மேல் கிட்டத்தட்ட 1,000 அடி மலை இருக்கிறது.

78 வருடம் அதில் ரயில் ஓடியது. 1968 பிப்ரவரியில், உட்சுவர் நெளிந்திருக்கிறது, பழுது பார்க்க வேண்டும் என்று நிறுத்தினார்கள். ஆட்களைக் குறைத்து, கிளைப் பாதைகளை வெட்டி எறிந்துகொண்டிருந்த காலம் அது. லாபமில்லாத பாதைகளை மூடச் சொன்ன பீச்சிங் அறிக்கை வந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. பழுது பார்க்கவே இல்லை. 1970இல் பாதை முறைப்படி மூடப்பட்டது. பத்து வருடம் கழித்து இரண்டு வாயையும் மண் கொட்டி மூடினார்கள். ப்ளைன்கூமில் இப்போது போய் நின்றால் புல் முளைத்த ஒரு மேடுதான் தெரியும். அதன் பின்னால் மூன்று கிலோமீட்டர் இருட்டு அப்படியே இருக்கிறது.

வேல்ஸில் கைவிடப்பட்ட ரயில் குகைகளில் இதுதான் மிக நீளமானது. இதைத் திறக்க வேண்டும் என்று ரோந்தா டனல் சொசைட்டி என்ற ஊர்க்காரர்களின் அமைப்பு 2014 முதல் பாடுபடுகிறது. வல்லுநர்கள் காற்றுத் துளை வழியாக உள்ளே இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். குகையின் உரிமை லண்டன் அரசிடம் இருப்பதா, கார்டிஃபில் இருக்கும் வேல்ஸ் அரசிடம் வருவதா என்ற பேச்சு மட்டும் வருடக்கணக்கில் இரண்டு ஊருக்கும் நடுவே அலைந்திருக்கிறது. அந்த விவரமெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சைக்கிள் மிதிக்கிறவனுக்கு மட்டும் தெரிகிற ஒரு விஷயத்தைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

மலைச் சைக்கிள் தடம் என்றால் எல்லாரும் இறக்கத்தைத்தான் நினைக்கிறார்கள். வேர், கல், குறுகிய வளைவு, காற்று. ஆனால் தடம் தொடங்குகிற இடத்துக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதில்தான் யார் ஓட்டலாம், யார் ஓட்ட முடியாது என்பது முடிவாகிறது. ஆவனில் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் பழைய ரயில் பாதைதான். பார்வையாளர் மையத்திலிருந்து ஆற்றை நோக்கி இறங்கினால் போதும், தண்டவாளம் பெயர்த்த பாதையில் நிற்கிறீர்கள். நீராவி இன்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது. 50 அடி போனால் ஓர் அடி ஏறுவதே அதற்குப் பெரிய ஏற்றம். அதற்காக மலையை வெட்டினார்கள், பள்ளத்தை மண்கரை போட்டு நிரப்பினார்கள், ஓடைக்கு மேல் பாலம் கட்டினார்கள். அந்த இன்ஜினுக்காகச் சமன் செய்த ஏற்றம் இன்றைக்கு எட்டு வயதுப் பிள்ளையின் காலுக்கும், முட்டி வலிக்கிற என் காலுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆவனுக்கு முதல் முறை வருகிறவர்களை நான் தடத்துக்குக் கூட்டிப் போவதில்லை. ஒரு மணி நேரம் அந்த ரயில் பாதையில்தான் ஓட்டச் சொல்வேன். பிரேக் பழகும், கியர் பழகும், பயம் போகும். அப்புறம் காட்டுக்குள் ஏறலாம்.

அந்தப் பையனும் அப்படித்தான் தொடங்கினான். ஓரிடத்தில் அவன் சைக்கிளை நிறுத்தி, "ஏன் இங்கே மட்டும் தரை அலையலையாக இருக்கிறது?" என்று கேட்டான். குனிந்து பார்த்தோம். ஸ்லீப்பர் கட்டைகள் கிடந்த இடங்கள் வரிசையாகக் குழிந்திருந்தன. நடுநடுவே ஜல்லியும் பாசியும். முன்சக்கரத்தை ஒரு குழியில் வைத்துக்கொண்டு அடுத்ததை எண்ணினான், அதற்கு அடுத்ததை எண்ணினான், மரங்களுக்குள் வளைவு மறையும் வரை எண்ணிக்கொண்டே போனான். ரயிலைப் பற்றி அதுவரை ஒரு கேள்வி கூடக் கேட்காத பிள்ளை அவன்.

அந்தக் காட்டில் எந்தத் தடத்தில் போனாலும் ரயிலும் கரியும் குறுக்கே வந்துகொண்டேதான் இருக்கும். கவல்கி மலைக்கு அடியில் இன்னொரு குகை இருக்கிறது. அது புகழ்பெற்ற பிரிட்டிஷ் ரயில் பொறியாளர் புரூனெல் பொறுப்பில் இருந்து தொடங்கிய தெற்கு வேல்ஸ் மினரல் ரயில்வேயுடையது, 1860களின் தொடக்கத்தில் திறந்தது. அதே ரயில் போய் முடிந்த க்ளின்கோருக் ஊரில்தான் இன்றைக்கு மலைச் சைக்கிள்காரர்கள் காரை நிறுத்துகிறார்கள். அங்கே 'வைட்ஸ் லெவல்' என்று ஒரு தடம் உண்டு. லெவல் என்றால் இந்தப் பக்கத்துப் பேச்சில் மலைச்சரிவில் கிடைமட்டமாக வெட்டிய கரிச் சுரங்கம். பக்கத்துக் கம்மர் ஊரில் பழைய ஸ்டேஷனின் சிற்றுண்டி அறை, ரயில் போய் இவ்வளவு காலமான பிறகும் அங்கேயே நிற்கிறது; ஊரில் அதற்குப் பெயர் 'ரெஃப்ரெஷ்'.

இப்போது ரோந்தா பக்கத்தைப் பாருங்கள். கார்டிஃபிலிருந்து வருகிற ரயில் ட்ரெஹெர்பர்ட்டில் முடிகிறது. அந்தப் பாதையை 2023 ஏப்ரலில் மூடி, புதுப்பித்து, 2024 பிப்ரவரியில் திறந்தீர்கள். அந்த ஆண்டு நவம்பரிலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. மனதாரப் பாராட்டுகிறேன், நல்ல வேலை. ஆனால் அந்த ரயிலில் சைக்கிளோடு வந்து இறங்குகிறவர் அப்புறம் எங்கே போவார்? ட்ரெஹெர்பர்ட்டிலிருந்து ப்ளைன்கூம் எட்டிப் பிடிக்கிற தூரம். அங்கே குகை திறந்திருந்தால், கார்டிஃப் நகரத்தில் ரயில் ஏறுகிற ஒரு மாணவி, கார் இல்லாமல், ஒரு பெரிய சாலையைக் கூடத் தொடாமல், மலைக்குள் புகுந்து ஆவன் பள்ளத்தாக்கில் வெளியே வருவாள். அங்கிருந்து பாதை முழுக்க இறக்கம். இப்படி ஓர் இணைப்பைப் புதிதாக உண்டாக்க வேண்டுமென்றால் யாராலும் முடியாது. நமக்கோ 1890இலேயே போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இது நடக்காத கனவு என்று சொல்பவர்களைப் பாத் நகரத்துக்குப் போகச் சொல்கிறேன். சாமர்செட்–டார்செட் ரயில்வேயின் கூம் டவுன் குகை 1966இல் மூடியது, 2013இல் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்தது. 1,672 மீட்டர். நான் அதில் ஓட்டியிருக்கிறேன். வெளியே ஆகஸ்ட் வெயில், உள்ளே நுழைந்த உடனே முழங்கையில் ரோமம் சிலிர்த்தது. சுவரெல்லாம் ரயில் புகை படிந்த கறுப்பு. வரிசையாக விளக்கு, தூரத்தில் யாரோ ஒரு குழந்தை கூவிக்கொண்டே வருகிற சத்தம், அந்தச் சத்தம் வந்து சேர்ந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் குழந்தையே வந்தது. அதன் பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். அன்று அங்கே வேகமாக ஓட்ட வந்தவன் நான். பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

வடக்கு இங்கிலாந்தின் கெசிக் ஊரையும் பாருங்கள். 1972இல் மூடிய ரயில் பாதை. நெடுஞ்சாலை போடும்போது அதன் குகையை மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வெள்ளம் அங்கிருந்த பாலங்களை அடித்துக்கொண்டு போனது. திருப்பிக் கட்டும்போது, புதைத்த குகையையும் தோண்டி எடுத்து 2020இல் திறந்தார்கள். புதைத்ததை மீட்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையா?

மீட்க முடியாமல் போனதும் உண்டு. வடக்கு இங்கிலாந்தில் பென்னைன் மலைக்கு அடியில் உட்ஹெட் குகை மூன்று மைல் நீளம். 1981இல் கடைசி ரயில் போனது. இன்றைக்கு அதற்குள் மின்கேபிள் போகிறது. லாங்டென்டேல் பாதையில் இனிமையாக மிதித்து வருகிற சைக்கிள்காரர் அந்தக் குகை வாயில் வந்து நின்று, மலைக்கு மேலே ஏறித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். மின்சாரம் எல்லாருக்கும் வேண்டியதுதான். ஆனால் ஒரு குகை ஒரு முறை கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று நான் அங்கே நின்றுதான் புரிந்துகொண்டேன்.

நேஷனல் ஹைவேஸ் அதிகாரிகளுக்குத் தனியே ஒரு வார்த்தை. உங்கள் பொறுப்பில் 3,000க்கும் மேற்பட்ட பழைய ரயில் பாலங்களும் குகைகளும் மேம்பாலங்களும் இருக்கின்றன. கம்ப்ரியாவில் கிரேட் மஸ்கிரேவ் பாலத்தின் அடியில் 2021இல் சுமார் 1,600 டன் ஜல்லியும் கான்கிரீட்டும் கொட்டினீர்கள். 1862இல் கட்டிய கல்வளைவு அது. மக்கள் எதிர்த்தார்கள், அடுத்த ஆண்டு உள்ளூர் கவுன்சில் அனுமதி மறுத்தது, 2023இல் நீங்களே அதையெல்லாம் அள்ளி எடுத்தீர்கள். கொட்டவும் பணம், அள்ளவும் பணம். அதைச் சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. பழைய பாலமோ குகையோ எதுவானாலும், அதன் வழியே யாராவது நடந்து போக, மிதித்துப் போக வாய்ப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதை முடிவு செய்யுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

செலவு இருக்கிறது, நீர்க்கசிவு இருக்கிறது, நெளிந்த சுவர் இருக்கிறது. ரோந்தாவின் கடைசி ஆழ்சுரங்கமான மார்டி 1990இலேயே மூடி, அடியில் கரி தோண்டுவது நின்றுவிட்டது என்பதால் மலை இனி அசையவே அசையாது என்று நான் வாதாட மாட்டேன். அதைப் பொறியாளர்கள் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னதை நீங்கள் மக்களுக்கு முழுமையாக வெளியிட வேண்டும். எவ்வளவு ஆகும், எத்தனை வருடம் ஆகும் என்று தெரிந்தால் ஊர் காத்திருக்கும். பராமரிப்புப் பணத்தோடு சேர்த்துச் சொத்தை ஒரே கையில் ஒப்படையுங்கள். பணமில்லாமல் குகையை மட்டும் கொடுப்பது கொடுத்ததாக ஆகாது. ப்ளைன்க்வின்வி வாயிலிருந்து ஆவன் தடங்கள் வரை பாதை எப்படி வரும் என்பதைத் தடம் போடுகிறவர்களையும் உட்கார வைத்து இப்போதே வரையுங்கள். ட்ரெஹெர்பர்ட் ரயிலில் சைக்கிளுக்கு இடம் எவ்வளவு வேண்டும் என்பதையும் அதே மேசையில் பேசிவிடுங்கள்.

வசந்தம் வந்ததும் ஒரு சனிக்கிழமை வாருங்கள். கார்டிஃபிலிருந்து ரயிலிலேயே வாருங்கள், ட்ரெஹெர்பர்ட் ஸ்டேஷனில் நான் நிற்கிறேன். உங்களுக்குச் சைக்கிள் கொண்டுவருகிறேன். ப்ளைன்கூம் வரை மெதுவாக மிதித்துப் போய் அந்தப் புல்மேட்டைப் பார்ப்போம். பையனும் வருகிறேன் என்றிருக்கிறான். அந்தப் பக்கம் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று அவன் இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்: குகை வழியாக என்றால் 12 நிமிஷம்.

இப்படிக்கு,
ரோந்தா பள்ளத்தாக்கில் வசிக்கும் ஒரு சைக்கிள்காரன்