குமரனுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள குமரனுக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அது வழக்கம்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

பெரியம்மாவுக்கு நீ ஆன்லைனில் அனுப்பிய மளிகை வந்து சேர்ந்தது. கொண்டுவந்த பையன் வீடு தெரியாமல் நம் கடையில்தான் வழி கேட்டான். நானே கூடப் போய்க் காட்டினேன். சோப்பு, எண்ணெய், பருப்பு, எல்லாம் நம்மிடம் இருக்கிற சாமான். அங்கே விலை குறைவு, தெரியும். சில சாமானை அவர்கள் விற்கிற விலைக்குத்தான் நான் விழுப்புரத்தில் மொத்தத்திலேயே வாங்குகிறேன். லாரிக் கணக்கில் எடுப்பவனுக்குக் கம்பெனி தரும் தள்ளுபடி, பெட்டிக் கணக்கில் எடுக்கும் எனக்கு எப்படி வரும்? ஆர்டர் குறைவென்று ஏஜென்சி வண்டியும் வாரம் தவறி வருகிறது. இப்போது பக்கத்து ஊர்க் கடைக்காரர்களும் நானும் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுகிறோம். எண்ணெயில் கொஞ்சம் மிச்சம் தெரிகிறது. நீ கணக்குப் பார்த்தால் இன்னும் சரியாக வரும். பத்தாம் வகுப்பிலேயே சிட்டை எழுதினவன் நீ, இப்போதும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது கடையை மூடிவிடச் சொன்னாய். மூடலாம். ரேஷனில் அரிசி இலவசம், சரி. நூறு நாள் வேலைக் கூலி பாங்கில் ஏறத் தாமதமாகும்போது புளி, மிளகாய், எண்ணெய் எல்லாம் நம் கடன் நோட்டில்தான். கூலி ஏறிய அன்றைக்கு அவர்களே பஸ் பிடித்து டவுன் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். ரொக்கம் அங்கே, கடன் இங்கே. பாக்கியைக் கொடுத்துவிடுகிறார்கள், அதில் குறையில்லை. மாதச் சாமானில் பாதியை ரொக்கத்துக்கு நம்மிடம் வாங்கினாலே கடை நிற்கும். 2025 செப்டம்பர் 22-இல் சோப்பு, ஷாம்புக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதம் ஆனதே, நல்லதுதான். பழைய வரியோடு வாங்கி அடுக்கியிருந்த சரக்கு? பதிவில்லாத சின்னக் கடை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்கும்?

ஃப்ரிட்ஜுக்காக முத்ரா கடன் கேட்டுப் பாங்குக்குப் போனேன். சின்ன வியாபாரிகளுக்கான அரசுத் திட்டக் கடன் அது. 50,000 ரூபாய் வரை சிசு என்ற பிரிவு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், அடமானம் கிடையாது. "உங்களுக்கு அப்புறம் கடையை யார் பார்ப்பார்கள்?" என்று மேனேஜர் கேட்டார். பையன் சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான் என்று சொன்னேன். அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை.

உன் கம்பெனியைப் பற்றி இங்கே யாரோ ஏதோ பேசினார்கள். நான் காதில் வாங்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. நீ பணம் அனுப்பவில்லையே என்று இதை எழுதவில்லை, அனுப்பவும் வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு. வெளியில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

பெரியம்மாவுக்கு இனி ஏதாவது கொடுக்க நினைத்தால் எனக்குச் சொல். நான் கொடுத்துவிட்டு நோட்டில் உன் பேரில் எழுதிக்கொள்கிறேன். ஊரே அப்படித்தான் வாங்குகிறது, உனக்கு மட்டும் என்ன? முடிகிறபோது கொடு. இரவு ஒன்பதுக்கு மேல் கடையில் ஆள் இருக்காது, அப்போது போன் செய்.

அன்புடன்,
அப்பா