மெக்சிகோ மண்ணிலும் பந்து உருளட்டும்: லீக்ஸ் கோப்பை அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹூஸ்டன், செப்டம்பர் 2025

அமெரிக்க-கனடிய கால்பந்து லீக்கான மேஜர் லீக் சாக்கர், மெக்சிகோவின் லிகா எம்எக்ஸ் ஆகிய இரு லீக்குகளின் நிர்வாகிகளுக்கும், கிளப் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

இந்த ஆண்டின் லீக்ஸ் கோப்பை ஆகஸ்ட் 31ஆம் தேதி சியாட்டிலில் முடிந்தது. 69,314 பேர் திரண்டிருந்த லூமன் ஃபீல்ட் மைதானத்தில் சியாட்டில் சவுண்டர்ஸ், மெஸ்ஸியின் இன்டர் மயாமியை 3-0 என்ற கணக்கில் தோற்கடித்தது. அந்த வெற்றியில் எனக்குத் துளியும் குறை இல்லை. அன்று சிறப்பாக ஆடிய அணிதான் வென்றது. ஆட்டம் முடிந்ததும் நடந்த கைகலப்பைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள், நான் அதற்குள் போகவில்லை. நான் கேட்க வந்தது வேறு. இது இரு நாட்டு லீக்குகளும் மோதும் போட்டி என்று நீங்கள் சொல்கிறீர்கள். 2019இல் எட்டு அணிகளோடு தொடங்கியதிலிருந்து இன்றுவரை, இந்தக் கோப்பையின் ஓர் ஆட்டம்கூட மெக்சிகோவில் நடக்கவில்லை. ஏன்?

எல்லாம் எல்லைக்கு வடக்கேதான். 2019இல் குரூஸ் அசூலும் டீக்ரெஸும் இறுதியாட்டத்தில் சந்தித்தன. இரண்டும் மெக்சிகோ அணிகள். ஆனால் கோப்பை லாஸ் வேகாஸில் கைமாறியது. 2023இல் இரு லீக்குகளையும் ஒரு மாதம் நிறுத்திவைத்து 47 அணிகளை இறக்கினீர்கள். மெக்சிகோவின் 18 அணிகளும் அமெரிக்க, கனடிய ஓட்டல்களில் பெட்டியைத் திறப்பதும் கட்டுவதுமாக அந்தக் கோடையைக் கழித்தன. 2025இல் ஒரு லீக்குக்கு 18 அணிகள் என்று வடிவத்தைச் சீராக்கினீர்கள். முதல் சுற்றின் 54 ஆட்டங்களிலும் ஒரு மெக்சிகோ அணி ஒரு மேஜர் லீக் அணியோடு மோதும்படி அமைத்ததை மனதார வரவேற்றேன். அந்த 54இல் மெக்சிகோவுக்குக் கிடைத்தது பூஜ்யம். காலிறுதிக்கு வந்த நான்கு மெக்சிகோ அணிகளும் தோற்றன. நாட்டின் நடப்புச் சாம்பியன் டொலுகா, கலிபோர்னியாவில் பெனால்டி ஷூட் அவுட்டில் ஆர்லாண்டோவிடம் வீழ்ந்தது. உடனே, மேஜர் லீக் மெக்சிகோவை முந்திவிட்டது என்று தலைப்புச் செய்திகள் வந்தன.

முந்தியிருக்கலாம். ஆனால் இந்தப் போட்டியை வைத்து அதைச் சொல்ல முடியாது. இதே ஆண்டில் குரூஸ் அசூல் ஆடிய இரண்டு ஆட்டங்களைப் பாருங்கள். ஜூன் 1, வட, மத்திய அமெரிக்க, கரீபிய கிளப்புகள் மோதும் கான்ககாஃப் சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதியாட்டம், மெக்சிகோ நகரம். குரூஸ் அசூல் வான்கூவர் ஒயிட்கேப்ஸ் அணியை 5-0 என்று துவைத்து எடுத்தது. ஜூலை 31, லீக்ஸ் கோப்பை, சியாட்டில். அதே குரூஸ் அசூல் சியாட்டில் சவுண்டர்ஸிடம் 7-0 என்று தோற்றது. இடையில் இரண்டு மாதம். பயிற்சியாளர் மாறியிருந்தார், மெக்சிகோவில் புதிய பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். அப்படியும் ஐந்து கோல் வெற்றிக்கும் ஏழு கோல் தோல்விக்கும் நடுவே உள்ள பள்ளம் அதனால் மட்டும் நிரம்பாது. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பந்து வேகமாகப் பறக்கிறது. பழகாத கால்கள் ஆட்டத்தின் கடைசி அரைமணியில் கனத்துப்போகின்றன. சியாட்டிலில் கடல் காற்று, அறுபதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கு, கூரையில் பட்டு எதிரொலிக்கும் கூச்சல். ஆடும் இடம் ஆட்டத்தின் பாதி. அந்தப் பாதியை எப்போதும் ஒரே தரப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, மற்ற பாதியின் முடிவை வைத்து யார் பெரியவர் என்று அளக்கிறீர்கள்.

சாம்பியன்ஸ் கோப்பையின் அந்த இறுதியாட்டமும் ஒற்றை ஆட்டம்தான் என்று நீங்கள் சுட்டிக்காட்டலாம். ஆமாம், அதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த இறுதிக்கு வான்கூவர் எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள். மான்டெர்ரேயுடன் சொந்த மண்ணில் 1-1, பிறகு மான்டெர்ரேயின் மைதானத்துக்கே போய் 2-2. அடுத்து பூமாஸ் அணியுடன் சொந்த மண்ணில் 1-1, பிறகு மெக்சிகோ நகரத்துக்கே போய் 2-2. இரண்டு முறையும் மொத்தக் கணக்கு 3-3 என்று சமமாக இருந்தும், எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்த பலத்தில் தாண்டி வந்தது. ஒரு மேஜர் லீக் அணியின் நெஞ்சுரத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அந்த இரண்டு இரவுகளிலும் வான்கூவர் ஈட்டிய மரியாதையை எந்த மெக்சிகோ ரசிகராலும் மறுக்க முடியவில்லை.

2022இல், அதே போட்டி சாம்பியன்ஸ் லீக் என்ற பெயரில் நடந்தபோது, சியாட்டில் வென்ற பட்டமும் அப்படிப்பட்டதுதான். பூமாஸ் அணிக்கு எதிரான இறுதியில் மெக்சிகோ நகரத்தில் இரண்டு கோல் பின்தங்கி, தங்கள் ஆட்டக்காரர் லொடெய்ரோ அடித்த இரண்டு பெனால்டிகளால் 2-2 என்று சமன் செய்து, பிறகு சொந்த மண்ணில் 68,741 பேர் முன்னிலையில் 3-0 என்று முடித்தார்கள். இந்த ஆண்டின் 7-0ஐ எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள் என்று தெரியாது. 2022இல் மெக்சிகோ நகரத்தில் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் வந்த அந்தச் சமன் கோலை சியாட்டில்காரர்கள் மறக்கப்போவதில்லை. மேஜர் லீக் நிர்வாகிகளே, உங்கள் அணிகளின் பெருமைக்காகவே கேட்கிறேன். மெக்சிகோவுக்குப் போய் வெல்லும் வாய்ப்பை அவர்களுக்கு ஏன் மறுக்கிறீர்கள்? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாங்கிய பட்டத்துக்கு மதிப்புக் குறைவு என்று உங்கள் ஆட்டக்காரர்களுக்கே தெரியும்.

இந்தப் பழக்கம் லீக்ஸ் கோப்பையோடு பிறந்ததும் அல்ல. 2007 முதல் 2010 வரை இரு லீக்குகளின் அணிகளை வைத்து நீங்கள் நடத்திய சூப்பர்லிகாவும் முழுக்க அமெரிக்காவில்தான் நடந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் பச்சூகா, டீக்ரெஸ், மொரேலியா என்று மூன்று முறை மெக்சிகோ அணிகளே கோப்பையைக் கொண்டுபோயின என்பது தனிக் கதை. 2018இல் தொடங்கிய, இரு லீக்குகளின் சாம்பியன்களும் மோதும் கம்பியோனெஸ் கோப்பையிலும் மெக்சிகோ சாம்பியன்தான் வடக்கே பயணப்படுகிறார். ஆக, இது இடவசதியால் நேர்ந்தது அல்ல. பணம் எங்கே இருக்கிறதோ அங்கே ஆட்டத்தை வைப்பது என்று எடுத்த முடிவு.

நான் வசிக்கும் ஹூஸ்டனில் 2023 ஆகஸ்டில் மான்டெர்ரேயும் டீக்ரெஸும் மோதின. ஒரே பெருநகரின் இரண்டு அணிகள். இரண்டுக்கும் அங்கே பெரிய மைதானங்கள் இருக்கின்றன; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரப் போக்குவரத்திலேயே போய்ச் சேரலாம். அந்த நகரத்தின் குடும்பங்களை இரண்டாகப் பிரித்துவைக்கும் கிளாசிகோ ரெஹியோ என்ற அந்த ஆட்டம், எல்லை தாண்டி டெக்சாஸுக்கு வந்தது. அன்று மாலை வாகன நிறுத்துமிடத்தில் கரி அடுப்புகளில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. மஞ்சள் சட்டைக்காரர்களும் நீல வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்காரர்களும் ஒரே மேசையில் டோர்டியா பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருந்தார்கள். டீக்ரெஸ் சட்டை அணிந்த ஒரு பெரியவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். கட்டட வேலைக்காக இளம் வயதில் இங்கு வந்தவர், அதற்குப் பிறகு ஊருக்குப் போக முடியாமலே போய்விட்டது என்றார். தன் அணியைப் பக்கத்தில் நின்று பார்க்கும் நாள் இந்தப் பிறவியில் வராது என்று நினைத்திருந்தாராம். அவருடைய பேரன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தனக்குப் பாதிதான் தெரிந்த ஒரு பாட்டை உரக்கப் பாடிக்கொண்டிருந்தான். மான்டெர்ரே 1-0 என்று வென்றது. பெரியவர் அதற்காக வருந்தியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவருக்குக் கிடைத்ததைப் பறிக்கும்படி நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் வாழும் கோடிக்கணக்கான மெக்சிகோ வம்சாவளியினருக்கு இந்த ஆட்டங்கள் பெரும் வரம். புலம்பெயர்ந்து வாழும் எந்தத் தமிழருக்கும் அது சொல்லாமலே புரியும். ஆனால் அந்தப் பெரியவரின் தம்பியோ அண்ணனோ மான்டெர்ரேயில் இருந்திருப்பாரே, அவர் என்ன செய்வார்? தன் ஊர் அணிகள் இரண்டும் மோதும் ஆட்டத்தைப் பார்க்க அவருக்கு அமெரிக்க விசா வேண்டும். விசா கிடைத்தாலும் பயணச் செலவு, தங்குமிடம், டாலரில் டிக்கெட். ஆண்டு முழுதும் மைதானத்துக்கு வந்து, மழையிலும் வெயிலிலும் நின்று, தோற்கும்போதும் கூடவே இருக்கும் ரசிகர் அவர். கிளப்பைக் கிளப்பாக வைத்திருப்பவரே அவர்தான். உங்கள் போட்டியில் அவருக்கு மட்டும் இடமில்லை.

லிகா எம்எக்ஸ் கிளப் உரிமையாளர்களே, இந்த இடத்தில் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டும். மேஜர் லீக்கின் வணிகப் பிரிவான சாக்கர் யுனைடெட் மார்க்கெட்டிங், மெக்சிகோ தேசிய அணியின் அமெரிக்க ஆட்டங்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விற்றுவருகிறது. சொந்த நாட்டு ரசிகர் ஓரிடத்தில், சந்தை வேறோரிடத்தில் என்ற ஏற்பாட்டுக்கு நீங்கள் அங்கேயே பழகிவிட்டீர்கள். லீக்ஸ் கோப்பை ஒப்பந்தத்தில் யாரும் உங்கள் கையை முறுக்கிக் கையெழுத்து வாங்கவில்லை. சொந்த மைதானத்தை விட்டுக்கொடுத்து வருமானத்தில் பங்கு பெற்றுக்கொண்டீர்கள்.

தென் அமெரிக்க கிளப்புகளின் லிபெர்டடோரெஸ் கோப்பையை நினைத்துப் பாருங்கள். 1998 முதல் 2016 வரை நீங்கள் தென் அமெரிக்காவுக்கு விருந்தாளிகளாகப் போய் ஆடினீர்கள். 2001இல் குரூஸ் அசூல் இறுதிக்கு வந்தது. முதல் ஆட்டம் மெக்சிகோ நகரத்தின் அஸ்டெகா மைதானத்தில். அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் 1-0 என்று வென்றது. இரண்டாவது ஆட்டம் புவெனஸ் ஐரிஸில், போகாவின் கோட்டையான லா பொம்போனெராவில். அங்கே குரூஸ் அசூல் 1-0 என்று வென்றது. பெனால்டியில்தான் கோப்பை கைநழுவியது. இறுதியின் இரண்டாவது ஆட்டத்தை நடத்தும் உரிமை விருந்தாளிகளான உங்களுக்குக் கிடையாது என்றிருந்த போட்டி அது. அதில்கூட ஓர் ஆட்டம் உங்கள் மண்ணில் நடந்தது. நீங்களே பங்காளிகளாக இருக்கும் போட்டியில் அதுவும் இல்லை என்றால், உங்கள் ரசிகருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

மைதானங்கள் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பையின் முதல் ஆட்டமே மெக்சிகோ நகரத்தில் நடக்கவிருக்கிறது; குவாதலஹாராவும் மான்டெர்ரேயும் உலகத்தை வரவேற்கத் தயாராகின்றன. பாதுகாப்பைக் காரணம் காட்டுவீர்கள் என்றால், அது தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. 2022 மார்ச்சில் கெரெதாரோ மைதானத்தில் நடந்த வன்முறையைத் தொலைக்காட்சியில் பார்த்த யாருக்கும் அந்த அச்சம் இருக்கும். ஆனால் அதே மெக்சிகோவில் சாம்பியன்ஸ் கோப்பைக்காக மேஜர் லீக் அணிகள் ஆண்டுதோறும் ஆடித் திரும்புகின்றன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? நாட்காட்டியில் இடமில்லை என்ற காரணமும் எடுபடாது. 2023இல் ஒரு மாதத்தையே ஒதுக்கிக் காட்டியவர்கள் நீங்கள். அந்த நெருக்கடியில் பெரிய, சிறிய கிளப்புகள் எல்லாம் மோதும், 1914 முதல் நடந்துவரும் அமெரிக்க ஓபன் கோப்பையிலிருந்துகூட உங்கள் முதல்நிலை அணிகளை விலக்கிக்கொள்ளப் பார்த்தீர்கள். 2024இல் எட்டு மேஜர் லீக் அணிகள் மட்டுமே அதில் ஆடின. அந்தக் காயம் சிறு நகரத்து கிளப்புகளுக்கு இன்னும் ஆறவில்லை. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நான் கேட்பது இதுதான். முதல் சுற்றின் 54 ஆட்டங்களில் 27 மெக்சிகோவில் நடக்கட்டும். பயணம் சுமையாகும் என்றால் எல்லையோரத்திலிருந்து தொடங்குங்கள். டிஹுவானாவும் சான் டியேகோவும் பக்கத்துப் பக்கத்து நகரங்கள். மான்டெர்ரேயிலிருந்து டெக்சாஸ் எல்லை சில மணி நேரச் சாலைப் பயணம்தான். ஹுவாரெஸ் எல்லையிலேயே இருக்கிறது. காலிறுதியிலிருந்து இரண்டு ஆட்டங்களாக வையுங்கள், அங்கே ஒன்று, இங்கே ஒன்று. டொலுகாவின் நெமெசியோ தியெஸ் மைதானத்தில், 2,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில், நடுப்பகல் வெயிலில் ஒரு மேஜர் லீக் அணி தொண்ணூறு நிமிடம் தாக்குப்பிடித்துக் காட்டட்டும். அப்படி ஓர் ஆட்டத்தைப் பார்க்கச் சென்னையிலும் மதுரையிலும் நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கத் தயாராக இருப்பவர்கள் உண்டு. 2023 ஜூலையில் குரூஸ் அசூலுக்கு எதிராக மெஸ்ஸி கடைசி நிமிடங்களில் அடித்த ஃப்ரீ கிக்கைப் பார்க்க அவர்கள் காலை ஐந்தரை மணிக்கே திரையின் முன் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த போட்டியின் அட்டவணையை முடிவு செய்யும் முன் மெக்சிகோ ரசிகர் அமைப்புகளை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். பேசிய பிறகும் ஆட்டங்களை வடக்கேதான் வைப்போம் என்று முடிவெடுத்தால், அதற்கான காரணத்தை ஸ்பானிய மொழியிலேயே, அந்த ரசிகர்கள் படிக்கும்படி, இரு லீக்குகளும் கையெழுத்திட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
இரு நாட்டு ஆட்டங்களையும் நேசிக்கும் ஒரு தமிழ்க் கால்பந்து ரசிகன்