கடைக்கு வராதீர்கள், நானே ஸ்டேஷனுக்கு வருகிறேன்

எங்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

போன வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நான் வேலை பார்த்த பேக்கரிக்கு உங்கள் ஆட்கள் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். டீ நேரம், கடை நிறைய கூட்டம். நான் உள்ளே பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கை கழுவக்கூட விடாமல் வெளியே கூப்பிட்டு, கண்ணாடி அலமாரி ஓரம் நிற்க வைத்து, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று செல்போனில் படம் எடுத்தார்கள். எனக்கு முழங்கை வரைக்கும் மாவு. டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் “என்ன கேஸு?” என்று கேட்டார். “கஞ்சா” என்று சத்தமாகவே பதில் வந்தது.

சாயங்காலம் முதலாளி கணக்கு முடித்துக் கையில் கொடுத்துவிட்டார். “தம்பி, உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. கடை ரோட்டு மேல இருக்குல்ல” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். டைல்ஸ் குடோனிலும் அதற்கப்புறம் டீக்கடையிலும் இதே மாதிரிதான் நடந்தது. இது மூன்றாவது வேலை.

ஐயா, என் விண்ணப்பம் ஒன்றுதான். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுங்கள். வாரம் ஒரு தடவை கையெழுத்தா, சரி. இரண்டு தடவையா, அதுவும் சரி. வேலை செய்யும் இடத்துக்கு மட்டும் ஆள் அனுப்பாதீர்கள்.

என் கேஸ் விவரம், நீங்கள் கண்காணிக்கும் ஆட்களின் பெயர் இருக்கும் சரித்திரப் பதிவேட்டில் இருக்கிறது. தப்பு செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆந்திராவில் நர்சிபட்டினம் பக்கம் கஞ்சா வாங்கி, துனியில் ரயிலேறிக் கொண்டுவந்தேன். பிடிபட்டது நாலாவது நடையில். ஒரு நடைக்கு 5,000 ரூபாய். பிரவுன் டேப் சுற்றிய இரண்டு கிலோ பொட்டலம் பத்து என்றுதான் பேச்சு. கிளம்பும் நேரத்தில் “இதையும் கொண்டு போ” என்று பதினொன்றாவதைத் திணித்தார்கள். இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்து வருடம், ஒரு லட்சம் அபராதம். அது எனக்குத் தெரியாது, திணித்தவனுக்கும் தெரிந்திருக்காது. போதைப்பொருள் சட்டத்தின் 32ஏ பிரிவால் எங்களுக்கு நன்னடத்தைக்கான தண்டனைக் குறைப்பும் கிடையாது. அபராதம் கட்ட வழியில்லாமல் மேலும் ஒரு வருடம். 2013-இல் உள்ளே போனவன் 2024-இல் வெளியே வந்தேன்.

சிறையில் என் பக்கத்துப் பாயில் ஒரு பையன், பத்தொன்பது வயது. ராத்திரியெல்லாம் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. அவன் புகைத்தது நான் கொண்டுவந்த சரக்காக இருக்காது. ஆனால் பிடிபடுவதற்கு முன்னால் கொண்டுவந்த மூன்று நடைச் சரக்கும் யாரோ ஒரு பையன் கைக்குத்தானே போயிருக்கும்? அதற்கப்புறம்தான் அங்கே பேக்கரி வேலைக்குப் பெயர் கொடுத்தேன். கைதிகள் செய்ததை விற்கும் சிறைச்சந்தையில் நீங்கள் வாங்கியிருந்தால், என் கை பட்ட ரொட்டியைச் சாப்பிட்டிருக்கலாம்.

போன மாதம் பழைய ஆள் ஒருவன் போன் செய்தான். ஒரு நடைக்கு 15,000 தருகிறானாம். என் தினக்கூலி 550. முடியாது என்று வைத்துவிட்டேன். ஒன்று சொல்லியாக வேண்டும், அந்தத் தொழிலில் மட்டும் யாரும் போலீஸ் சான்றிதழ் கேட்பதில்லை, வேலை போகும் என்ற பயமும் இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கி எத்தனையோ கஞ்சா வேட்டை நடத்தினீர்கள். எனக்கு அன்றைக்குப் பை கொடுத்தனுப்பிய அண்ணன் வீட்டுக்கும் போலீஸ் போயிருக்கிறது, கிரகப்பிரவேசத்துக்கு. மொய் எழுதினார்களா என்று தெரியவில்லை.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன்.

சிறைக்குச் சட்ட உதவிக்காக வந்த வக்கீலம்மா கரக் சிங் வழக்கைப் பற்றிச் சொன்னார். பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பதற்காக ராத்திரியில் வீட்டுக்கு வந்து எழுப்புவது செல்லாது என்று 1962-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். கண்காணிப்பு ஆளை உறுத்தாத அளவில் இருக்க வேண்டும் என்று பின்னால் இன்னொரு தீர்ப்பும் உண்டாம். நான் சட்டம் பேச வரவில்லை. இனி தப்பு செய்ய மாட்டேன் என்று நன்னடத்தைப் பிணை கேட்டீர்கள், எழுதிக் கொடுத்தேன். போன் நம்பரும் அக்கா வீட்டு விலாசமும் உங்களிடம் இருக்கின்றன. கூப்பிட்ட எந்த நாளும் வராமல் இருந்ததில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை முதல் இன்னொரு கடையில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி வேலை, பரோட்டா மாவு. முதலாளியிடம் என் கேஸைச் சொல்லிவிட்டேன், பரவாயில்லை என்றார். திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு வந்து அந்தக் கடை விலாசத்தை நானே எழுதித் தருகிறேன். படம் வேண்டுமென்றால் அங்கேயே எடுத்துக்கொள்ளட்டும், கை கழுவிவிட்டு நிற்கிறேன். கடைக்கு மட்டும் யாரையும் அனுப்ப வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சரித்திரப் பதிவேட்டில் உள்ள ஒருவன்