கும்மிக்கு ஒரு கிரவுண்டு வேணும்ங்க

ஆசிரியருக்கு வணக்கம்ங்க. எனக்கு வயசு 48, மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு கிராமம். ரெண்டு வருசமா பீரியட்ஸ் ஒழுங்கில்ல, ராத்திரி மூணு மணிக்கு வேர்த்துக் கொட்டி முழிச்சுக்குவேன், காரணமே இல்லாம அழுகை வரும், வீட்ல யாராச்சும் தட்டை டொக்குன்னு வெச்சாக்கூட எரிஞ்சு விழுவேன். பக்கத்து வீட்டு அக்காதான் கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போயி வள்ளி கும்மி பயிற்சியில சேர்த்துவிட்டாங்க.

பாட்டோட வேகம் ஏற ஏற அடி மாறும்ங்க, முன்னாடி ஆடறவங்க காலையே பார்த்துட்டு குனிஞ்சு நிமிந்து கை தட்டணும், உள்ளங்கை செவந்து போயிரும், அந்த ஒரு மணி நேரம் கடன், மாமியார் மருந்து, பையன் வேலை எதுவுமே மனசுல நிக்காது. முடிஞ்சதும் திண்ணையில உக்காந்து எல்லாருமா பேசுவோம், எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சது அங்கதான் போச்சு. இப்ப தூக்கம் வருது. டாக்டர் மாத்திரை வேண்டியவங்க அதையும் விடக்கூடாது, அது வேற.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிசமாச்சும் உடம்பை அசைக்கச் சொல்லுது, மூணு நாள் கும்மிக்குப் போனாலே அது ஆயிருது. பொம்பளைங்களுக்கும் கும்மி சொல்லிக் குடுத்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ அறிவிச்சப்ப எங்க வீட்டு விசேசம் மாதிரி இருந்துச்சு.

இடந்தான் இல்லைங்க, ரோட்டோரம் வண்டிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஆடறோம். ஸ்கூல் கிரவுண்டை சாயங்காலம் 7லருந்து 8 வரைக்கும் தொறந்துவிட்டு ரெண்டு லைட்டு போட்டுக் குடுங்க.